யார் கையில் அளவுகோல்?

கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பண்ணையாரை நம் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கையில் ஸ்டாப் வாட்சுடன் வந்து நின்று, "இன்னும் இரண்டு சைடு சேர்த்துப் பார்க்கலாம்" என்று குறித்துக்கொண்டு போகும் ஆளை மில் தொழிலாளிக்கும் நன்றாகத் தெரியும். அளக்க வருகிறான் என்றாலே நமக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதே ஸ்டாப் வாட்சை நோயுற்ற குழந்தையின் பக்கம் நின்று பிடிக்கவும் முடியும். அப்படிப் பிடித்தவர்களின் வேலையைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம்.

சார்க்கோ - மரி - டூத் என்று ஒரு பரம்பரை நரம்பு நோய். 1886ல் பாரிசில் சார்க்கோ, மரி என்ற இரு டாக்டர்களும், இங்கிலாந்தில் டூத் என்ற டாக்டரும் அதை விவரித்ததால் மூவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. 2,500 பேரில் ஒருவருக்கு உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போகும் நரம்பு; நோய் அங்கேதான் முதலில் கை வைக்கிறது. பிள்ளை ஓடினால் இடறி விழும். செருப்பு காலில் நிற்காது. பாதம் வில்லாக வளைந்து உயரும், விரல்கள் சுருளும், கெண்டைக்கால் மெலியும். பிறகு கைக்கு வரும். சட்டைப் பித்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் சிரமம். இந்த நோய் உயிரைப் பறிப்பது அரிது, பிழைப்பைப் பறிக்கும். உடல் உழைப்பை நம்பிய குடும்பத்துக்கு இரண்டுக்கும் வெகுதூரமில்லை.

முன்ஜென்மப் பாவம், குலதெய்வக் குற்றம் என்று கதை கட்டுவோர் இன்றும் உண்டு. மருமகள் கொண்டுவந்த சீதனம் இது என்று பழிப்போரும் உண்டு. விஞ்ஞானம் சொல்வது வேறு. மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நரம்புக்கும் உறை இருக்கிறது. அந்த உறைக்கான ஒரு மரபணு 17வது குரோமோசோமில் ஒரு பிரதி கூடுதலாகிப் போவதே இந்நோயின் மிகச் சாதாரண வகைக்குக் காரணம் என்று 1991ல் கண்டார்கள். அது தந்தை வழியிலும் வரும், தாய் வழியிலும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம். இதில் யாருடைய குற்றமும் இல்லை.

இந்த நோயை எதிர்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான சங்கடம். அது மிக மெதுவாக நடக்கிறது. 2004ல் பிரான்சில், வைட்டமின் சி கொடுத்த எலிகள் தேறின என்ற செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவில் 81 குழந்தைகளுக்குச் சோதித்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள், பலன் காணவில்லை. பெரியவர்களிடமும் பலனில்லை. மருந்து தோற்றது சரி. கூடவே இன்னொரு கேள்வியும் எழுந்தது: ஓரிரு வருஷத்தில் குழந்தையிடம் ஏற்படும் சின்ன மாறுதலைக் கண்டுபிடிக்கும் கோல் நம்மிடம் இருக்கிறதா? தராசு மழுங்கலாக இருந்தால் நாளை நல்ல மருந்து வந்தாலும் குப்பைக்குப் போய்விடுமே!

அந்தக் கோலை 2012ல் உருவாக்கினார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், இத்தாலி நாட்டவர் கூடி, 3 முதல் 20 வயது வரையுள்ள 172 பேரை அளந்து அமைத்தது அது. மொத்தம் 11 சோதனைகள். பலகையில் உள்ள ஒன்பது குழிகளில் ஒன்பது முளைகளைச் செருகி எடுக்க எத்தனை வினாடி? கைப்பிடி எவ்வளவு வலு? பாதத்தை மேலே தூக்கவும் கீழே அழுத்தவும் எவ்வளவு பலம்? ஊசி முனை உறுத்துவது தெரிகிறதா, அதிர்வது தெரிகிறதா? நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறது? ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 44. மதிப்பெண் ஏறினால் நோய் ஏறுகிறது என்று அர்த்தம்.

இதற்கு மாளிகை வேண்டியதில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். முளைப்பலகை, அளவு நாடா, கடிகாரம், பலம் காட்டும் சிறு கருவி, பயிற்சி பெற்ற ஓர் ஆள், இவ்வளவே போதும். ஜில்லா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே செய்துவிடலாம்.

நல்ல கோல் என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவில் 60 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கணுக்காலில் எடை கட்டிப் பாதத்தைத் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மறு பகுதிக்குப் பெயருக்கு எடை. ஆறு மாதப் பயிற்சிதான். இரண்டு வருஷம் கழித்து அளந்தபோது, பயிற்சி பெற்ற பிள்ளைகளின் பாத பலம் குறைவாகவே தேய்ந்திருந்தது. 2017ல் வெளியான முடிவு இது. கணுக்கால் எடையில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? அதனால்தான் இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

இனி நம் சந்தேகத்துக்கு வருவோம். இந்த மதிப்பெண்ணைப் போட, குழந்தையை அதே வயதுள்ள ஆரோக்கியமான குழந்தையுடன் ஒப்பிடுகிறார்கள். எந்த ஊர்க் குழந்தை? செல்வ நாட்டுக் குழந்தை! ஆஸ்திரேலியாவில் 3 வயது முதல் 101 வயது வரை 1,000 பேரை அளந்து 2017ல் கணக்கு வெளியிட்டார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் கஞ்சியும் ஊறுகாயும் தின்று வளரும் நம் கூலிக்காரன் பிள்ளையை அந்தப் பட்டியலோடு நிறுத்தினால், பட்டினியின் பலவீனம் எது, நரம்பின் பலவீனம் எது என்று எப்படிப் பிரிப்பது? இது இரண்டாவது மரக்கால். வஞ்சகமாகச் செய்ததல்ல, ஆனாலும் நம் தானியத்துக்குப் பொருந்தாதது.

அளந்து முடித்து மருந்தும் வந்தால் என்ன நடக்கும் என்பதை இன்னொரு நோயில் பார்த்துவிட்டோம். குழந்தைகளின் முதுகுத்தண்டு நரம்பணுக்களை மாய்க்கும் எஸ்.எம்.ஏ. என்ற பரம்பரை நோய் அது. தலை நிமிர்கிறதா, உருள்கிறதா, உட்காருகிறதா என்று பச்சைக் குழந்தைகளை அளந்துதான் ஸ்பின்ராசா என்ற மருந்து தேறியது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் கம்பெனி வைத்த விலை ஊசி ஒன்றுக்கு 1,25,000 டாலர். முதல் வருஷத்துக்கு 7,50,000 டாலர்! அதே நோய்க்கு வாயால் குடிக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்தை ரோஷ் கம்பெனி இந்தியாவில் புட்டி சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. நாட்கோ என்ற இந்தியக் கம்பெனி 15,900 ரூபாய்க்குத் தருகிறேன் என்றது. ரோஷ் பேட்டண்டைக் காட்டித் தடை கேட்டது. டில்லி உயர் நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அப்படியானால் மீதி 5,84,000 ரூபாய் எதற்கான விலை? குழந்தைகள் உருண்டதையும் உட்கார்ந்ததையும் கம்பெனி தன் மூலதனத்தில் சேர்த்துக்கொண்டது.

ஆகவே சர்க்கார் இரண்டு வேலைகளை உடனே தொடங்க வேண்டும் என்று கோருகிறோம். கிராமத்துப் பள்ளியிலும் மில் குடியிருப்பிலும் உள்ள ஆரோக்கியமான பிள்ளைகளை அளந்து, நமக்கென்று ஒரு பட்டியலைப் பொதுச் சொத்தாக வெளியிட வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் இந்த 11 சோதனைகளைச் செய்ய ஆள் பழக்க வேண்டும். நம் பிள்ளைகளை வைத்து எந்தக் கம்பெனி மருந்து சோதித்தாலும், விலைக்கு உச்சவரம்பு எழுதி வாங்கிய பிறகே அனுமதி தர வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு அன்றைய கூலியும் பஸ் கட்டணமும் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது அளந்தால்தான் கணக்கு நிற்கும். நாற்று நடவு சமயத்தில் கூலியை விட்டுவிட்டு எந்தத் தாய் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பாள்?