சாது மிரண்டால்...

"பயப்படாதீங்க, இது மெதுவா வளர்ற புற்றுநோய்தான்."

நாள்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோய், அதாவது சி.எல்.எல். என்று தெரியவரும் பலருக்கும் முதலில் கிடைக்கும் ஆறுதல் இதுதான். இது பொய்யும் இல்லை. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் இந்த நோயில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்தே தேவைப்படுவதில்லை. அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்து கண்காணித்தால் போதும்.

ஆனால் இது பாதி உண்மைதான். மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை!

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, அது இந்த நோய்க்கும் பொருந்தும். சி.எல்.எல். நோயாளிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு, வேகமாக வளரும் லிம்போமா உருவாகிறது. இதற்கு 'ரிக்டர் மாற்றம்' என்று பெயர். 1928-இல் இதை முதலில் விவரித்தவர் மாரிஸ் ரிக்டர் என்ற மருத்துவர். (நிலநடுக்க அளவுகோல் ரிக்டர் வேறு, இவர் வேறு!)

அறிகுறிகள் என்ன? ஒரு நெறிக்கட்டி மட்டும் திடீரென்று பெரிதாகும். காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்வை, எடை குறைதல், இரத்தத்தில் எல்.டி.எச். அளவு உயர்வு. சிக்கல் என்னவென்றால், 'பழைய நோய்தானே' என்றோ 'ஏதோ தொற்று' என்றோ இவற்றை எளிதில் ஒதுக்கிவிடலாம். இரத்த அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பெட் ஸ்கேனில் அதிகமாக ஒளிரும் கட்டியிலிருந்து சதை எடுத்து பயாப்சி செய்தால்தான் உறுதியாகும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சில துளிகள் இதற்குப் போதாது.

பயாப்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஐந்தில் நான்கு பேருக்குப் பழைய புற்றுச் செல்லே உருமாறியிருக்கும். அவர்களில் பலர் கீமோதெரபி எடுத்தும் ஓராண்டைத் தாண்டுவது கடினம். மற்றவர்களுக்கு வந்திருப்பதோ தொடர்பில்லாத புது லிம்போமா. அது சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். எது என்று தெரியாமல் சிகிச்சையைத் திட்டமிடுவது எப்படி?

"ஏற்கனவே பயந்திருப்பவரை மேலும் பயமுறுத்துவானேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நூற்றில் தொண்ணூறு பேருக்கும் மேல் இது வராது என்பதையும் சேர்த்தே சொல்லலாமே! "கட்டி வேகமாக வளர்ந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள்" என்பது பயமுறுத்தல் அல்ல, எச்சரிக்கை. நோயாளியிடமும் வீட்டாரிடமும் முதல் நாளே சொல்ல வேண்டிய வார்த்தை அது.