தோற்ற அணிக்கும் ஓர் அடுத்த வாரம்

கோப்பை வென்ற அணியின் புகைப்படம் ஆண்டு மலரில் இடம் பெறுகிறது. முதல் ஆட்டத்திலேயே தோற்றுப் பேருந்து ஏறிய அணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பள்ளிகளுக்கிடையே நடைபெறும் போட்டிகள் பெரும்பாலும் தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் முறையில் அமைந்தவை. மாதக்கணக்கில் பயிற்சி செய்து, ஒரே ஆட்டத்தில், சில வேளை ஒரே கோலில், அவ்வாண்டின் விளையாட்டே முடிந்துவிடுகிறது. கற்றுக்கொள்ளும் வயதினர்க்கு இது ஏற்ற முறையன்று என்பது என் கருத்து. பல நாடுகளில் பொழுதுபோக்காக ஆடுவோர் நடத்தும் உள்ளரங்கக் கால்பந்து லீக்கிலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு.

தோழியரே, கணக்கைச் சற்றுப் பாருங்கள். நாக்-அவுட் முறையில் 16 அணிகள் மோதினால் மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றில் 8 அணிகளுக்குக் கிடைப்பது ஒரே ஆட்டம். அதே 15 ஆட்டங்களை 6 அணிகள் லீக் முறையில் ஆடினால், ஒவ்வோர் அணிக்கும் 5 ஆட்டங்கள் கிடைக்கும்.

இது புதிய சிந்தனையன்று. கோப்பைப் போட்டியில் தோற்ற சங்கங்கள் ஆட்டமின்றித் தவித்ததையும், குறித்த ஆட்டங்கள் கடைசி நேரத்தில் ரத்தானதையும் கண்டுதான், ஆஸ்டன் வில்லா சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரிகர் 1888இல் 12 சங்கங்களைச் சேர்த்து இங்கிலாந்தில் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கினார். ஒவ்வோர் அணிக்கும் 22 ஆட்டங்கள். முதல் ஆண்டில் ஒன்றிலும் தோற்காமல் வென்றது பிரஸ்டன் நகர அணி.

அதே பிரஸ்டனில், முதல் உலகப் போரின்போது, டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, மகளிர் ஆட்டத்திற்குத் தன் உறுப்புச் சங்கங்களின் மைதானங்களைத் தரலாகாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை விதித்தது. ஏறக்குறைய 50 ஆண்டுகள் அத்தடை நீடித்தது. பிரேசிலிலோ 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்தாடுவதற்கே சட்டம் இடம் தரவில்லை. ஆடத் தெரியாமலா நின்றார்கள்? ஆட இடமில்லாமல் நின்றார்கள்.

இங்கேதான் உள்ளரங்க ஆட்டத்தின் அருமை விளங்குகிறது. உருகுவே நாட்டின் மான்டிவிடியோவில், ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி 1930இல் இதற்கு வடிவம் கொடுத்தார். இன்று ஃபுட்சால் என்கிறோம். பக்கத்திற்கு ஐவர். துள்ளல் குறைந்த சிறிய பந்து. வெளியே போன பந்தை 4 விநாடிக்குள் உதைத்து உள்ளே அனுப்ப வேண்டும். ஆகவே நின்று வேடிக்கை பார்க்க நேரமில்லை. பெரிய மைதானத்தில் ஓரத்தில் நிற்பவளுக்குப் பந்து எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. இங்கே எல்லார் காலுக்கும் வந்துகொண்டேயிருக்கும். மாற்று ஆட்டக்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கலாம், ஏறலாம். திறமை குறைந்தவள் ஆட்டம் முழுவதும் பெஞ்சில் அமர்ந்து தண்ணீர்ப் புட்டிகளைக் காவல் காக்க வேண்டியதில்லை!

இத்தகைய லீக்குகளில் ஆடுவோர் செவிலியர், ஆசிரியர், கடை ஊழியர் போன்ற சாதாரண மக்கள். வாரத்தில் ஒரு மாலை, எட்டுப் பத்து வாரங்கள். முதல் வாரத்தில் 1–9 என்று தோற்ற அணி, கடைசி வாரத்தில் அதே எதிரணியிடம் 3–4 என்று தோற்பதுண்டு. புள்ளிப் பட்டியலில் இரண்டும் தோல்விதான், ஆடியவர்களுக்கு அப்படியன்று.

குறையே இல்லையா எனில், உண்டு. பட்டியலின் அடியில் கிடக்கும் அணி பருவம் முடியும் முன்பே சலித்துப்போய் வராமல் நின்றுவிடும். அதனால் காத்திருக்கும் எதிரணியின் மாலையும் பாழ். வராத அணி தோற்றதாக அறிவிப்பது வழக்கம். அது எதிரணிக்குப் புள்ளி தருமேயன்றி ஆட்டம் தராது. கடைசி வாரத்தில் சம நிலையில் உள்ள அணிகளை மோதவிட்டால் இச்சலிப்பு ஓரளவு குறையும்.

ஆடவர்க்கான ஃபுட்சால் உலகக் கோப்பையை ஃபிஃபா 1989இல் தொடங்கியது. மகளிர்க்கு 2025இல்தான், பிலிப்பைன்ஸ் நாட்டில். கோப்பையை வென்றவர்கள், ஒரு காலத்தில் சட்டம் தடுத்த அந்தப் பிரேசில் பெண்கள்!

முழுக் கால்பந்துத் திடல் உள்ள பெண்கள் பள்ளிகள் குறைவு. கூடைப்பந்துக் களம் பலவற்றில் உண்டு. அதன் அளவு 28க்கு 15 மீட்டர். ஃபுட்சால் விதி கேட்கும் அகலத்திற்கு ஒரு மீட்டர்தான் குறைவு. பள்ளிக்குள் ஆடுவதற்கு நாடா பிடித்து அளக்க யார் வரப்போகிறார்கள்? வகுப்புக்கு ஓர் அணியாக 6 அணிகள். பாதிக்குப் பத்து நிமிடமாக, வெள்ளி மாலைதோறும் மூன்று ஆட்டங்கள். ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். முதல் ஆட்டம் ஆடி முடித்தவர்களில் ஒருத்தி அடுத்த ஆட்டத்திற்கு விசில் ஊதலாம்.