ஃபிளாஷ்பேக் இல்லாத மனிதர்கள்



இந்த மாதம் வந்து சேர்ந்த சிறுகதைகளை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். நல்ல எழுத்து பலரிடம் இருக்கிறது. ஆனால் கட்டைப் பிரித்துப் படிக்கப் படிக்க ஒரே ஆள் திரும்பத் திரும்ப எதிரே வந்து நின்றார். ஒரு கதையில் அவர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன். இன்னொன்றில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர். வேறொன்றில் பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைக்கும் பெரியவர். ஆளாளுக்கு அவரை விரட்டுகிறார்கள், அவரும் பொறுத்துப் போகிறார். கடைசிப் பக்கத்தில் பார்த்தால் அவர் ராணுவத்தில் பெரிய அதிகாரியாக இருந்தவர், அல்லது ஒரு காலத்தில் ஊரையே ஆட்டி வைத்தவர். விரட்டியவர்கள் தலைகுனிகிறார்கள். கதை முடிகிறது.

இவரை நமக்கு நன்றாகத் தெரியும். 1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'வின் ஆட்டோக்காரர் மாணிக்கம் இவர்தான். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுப் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். தங்கையை வெளியே அனுப்பிவிட்டு மாணிக்கம் தான் யார் என்று அந்தப் பெரிய மனிதரிடம் சொல்கிறார். கண்ணாடிக்கு அப்பால் உதடு அசைவது மட்டும்தான் தெரிகிறது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்கிறார். என்ன சொன்னார் என்று காட்டாமலே தியேட்டரை அதிர வைத்த காட்சி அது. இன்று பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அதன்பிறகு அந்த மனிதர் 'வேதாளம்' படத்தில் கொல்கத்தாவில் டாக்ஸி ஓட்டினார், 'தெறி'யில் கேரளாவில் பேக்கரி நடத்தினார், 'லியோ'வில் இமாச்சலத்தில் காபிக் கடை வைத்தார். இடைவேளை வரை சாது, இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக்.

அரைத்த மாவு என்று இதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இதன் வேர் ஆழமானது. விராட நகரத்து மடைப்பள்ளியில் கரண்டி பிடித்த பீமனை நம் ஊர்த் தெருக்கூத்து எத்தனை இரவுகள் ஆடிக் காட்டியிருக்கிறது! விராட பர்வம் படித்தால் மழை வரும் என்று நம்பிய கிராமங்கள் நம்முடையவை. மௌனப் படக் காலத்தில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த முதல் கதைப் படமே 'கீசக வதம்'தான். சமையல்காரன் என்று எல்லோரும் நினைத்தவன் உண்மையில் பீமனாக இருக்கும் கதை. தென்னிந்திய சினிமா கண் திறந்ததே இந்தக் கதையில்தான் என்றால், அதன்மேல் நமக்கு இத்தனை பிடிப்பு இருப்பதில் வியப்பில்லை.

என் குறை வேறு. அதைச் சொல்ல என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவில் 12 ரூபாய் குறைந்தது. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது முதலாளி அவரை 'வாடா, போடா' என்று பேசினார். நான் பையோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பா சட்டைப் பையிலிருந்து 12 ரூபாயை எடுத்து வைத்தார், நோட்டை மூடினார், என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டி, கால் கழுவி, எப்போதும்போலச் சாப்பிட உட்கார்ந்தார்.

சில நாள் கழித்து 'பாட்ஷா' பார்த்தேன். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அப்பாவின் ஃபிளாஷ்பேக்குக்காகக் காத்திருந்தேன். அவருக்கும் ஒரு பழைய பெயர் இருக்கும், ஒரு நாள் கடை வாசலில் அது தெரிய வரும் என்று முழுசாக நம்பினேன். அவர் இல்லாத நேரம் பார்த்து டிரங்குப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். வீட்டு வரி ரசீதுகள், எங்கள் ஜாதகங்கள், பாட்டியின் வைத்தியத்துக்கு அடகு வைத்த நகைகளின் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், தாத்தா காலத்தில் ஆனந்த விகடனிலிருந்து வாராவாரம் எடுத்துச் சேர்த்து பைண்டு செய்த 'தில்லானா மோகனாம்பாள்', கோபுலுவின் படங்களோடு. நான் முதன்முதலில் முழுதாகப் படித்த நாவல் அதுதான்.

அப்பாவுக்கு ஃபிளாஷ்பேக் இல்லை. மரியாதைக்கு உரியவர் என்று காட்ட அவருக்கு அது தேவையும் இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது சினிமா இல்லை, புத்தகங்கள்.

பூமணியின் 'வெக்கை' அவற்றில் முக்கியமானது. 1982-இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரமும் அவன் அய்யாவும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகிறார்கள். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தில் தலை சாய்க்கலாம், புகை வெளியே தெரியாமல் எப்படிச் சோறு பொங்கலாம் என்று அந்த அய்யாவுக்குத் தெரிந்திருப்பதும், மகன் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வதும், கொலை செய்த பிள்ளையை ஒரு சொல்லால்கூடத் தள்ளாமல் கூட்டிக்கொண்டு நடப்பதும் அவரை மனதில் உயர்த்திக்கொண்டே போகின்றன.

இதே நாவல்தான் 2019-இல் 'அசுரன்' ஆனது. எனக்குப் பிடித்த படம். நில உரிமை, செருப்புப் போட்டு நடக்கும் உரிமை என்று அதன் ஃபிளாஷ்பேக் பேசும் விஷயங்கள் கனமானவை, தமிழ் சினிமா பேசியே தீர வேண்டியவை. ஆனாலும் நாவலில் இல்லாத அந்தப் பெரிய முன்கதை எதற்கு வந்தது என்று யோசித்துக்கொண்டேதான் தியேட்டரை விட்டு வெளியே வந்தேன். குடித்துவிட்டு, எல்லார் காலிலும் விழுந்து மகனைக் காப்பாற்றும் அப்பன் நமக்குப் போதவில்லை. அவன் ஒரு காலத்தில் அரிவாள் எடுத்தவன் என்று தெரிந்த பிறகுதான் கை தட்டுகிறோம். மகனுக்காக ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய் விழுந்தானே, கைதட்டலை நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

அதே கரிசல் பூமியிலிருந்து இன்னொன்று, கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. இதுவரை படிக்காதவர்கள் இந்த வாரமே தேடிப் படித்துவிடுங்கள். தீபாவளி நேரம். ஏழைத் தாய் ஒருத்தி, உடம்பெல்லாம் சிரங்கோடு வந்து நிற்கும் அநாதைப் பையனுக்கும் தன் பிள்ளைகளோடு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வீட்டில் இருக்கும் புதுத் துணியில் ஒன்றைக் கொடுக்கிறாள். பையன் பெயர் ராஜா. சினிமா பார்த்துப் பழகிய மனம் என்ன எதிர்பார்க்கும்? காணாமல் போன ஜமீன் வாரிசாக இருப்பானோ, உடம்பில் மச்சம் எதுவும் இருக்குமோ என்று தேடும். அப்படி ஒன்றும் இல்லை. அவன் அநாதைதான். பணக்கார வீட்டுப் பையன் தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேசும்போது, இந்த வீட்டுச் சிறுமியும் தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.

சினிமாவால் இது முடியாது என்று சொல்ல மாட்டேன். பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-இல் வந்தது. அதில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, தனியாகக் கிளம்பிப் போய், பாதி எழும்பிய சுவர்களைத் தடவித் தடவிப் பார்ப்பார். அவர் முன்னால் யாராக இருந்தார் என்பது அப்போது நம் நினைவிலேயே வராது. அந்தக் கையும் சுவரும் மட்டும்தான் தெரியும்.

மறுபடியும் அந்த வாட்ச்மேன் கதைக்கு வருகிறேன். எழுதியவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். கதையின் இரண்டாம் பக்கத்தில் நான்கே வரியில் ஒரு காட்சி வருகிறது. நடு இரவில் திடீரென்று மழை. வாட்ச்மேன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் வெளியே விட்டுப்போன சைக்கிள்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவந்து வைக்கிறார். கடைசியாக ஒரு மூன்று சக்கர சைக்கிள். அதன் சீட்டைத் தன் துண்டால் துடைக்கிறார்.

ராணுவ அதிகாரி வருகிற கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு, அந்த மழையில் இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு நில்லுங்கள் என்று எழுத்தாளருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். திருத்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் அடுத்த இதழில் நீங்கள் படிக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்