சி டிரைவ் இல்லாத கணினி

விண்டோஸில் பழகியவர் உபுண்டு லினக்ஸை முதன்முதலாகத் திறந்ததும் தேடுவது சி டிரைவைத்தான். அது அங்கே கிடையாது. பென் டிரைவைச் செருகிவிட்டு இ, எஃப் என்று ஏதாவது எழுத்து வருகிறதா என்று பார்ப்பார், அதுவும் வராது. லினக்ஸ் கடினம் என்ற பேச்சு பரவ இந்த முதல் நாள் தடுமாற்றமும் ஒரு காரணம்.

குறை கற்பவரிடம் இல்லை, கற்பிக்கும் வரிசையில் இருக்கிறது. எடுத்த எடுப்பில் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதை விட்டுவிட்டு, கோப்புறைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் சொல்லித்தர வேண்டும்.

ஏ, பி என்ற எழுத்துகள் பிளாப்பி டிரைவுகளுக்குப் போனதால் ஹார்ட் டிஸ்குக்குச் சி கிடைத்தது. பிளாப்பி ஒழிந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. லினக்ஸிலோ எத்தனை டிஸ்க் பொருத்தினாலும் ஒரே மரம்தான். அதன் வேரைக் குறிப்பது ஒரு சாய்கோடு. பயனரின் படங்களும் ஆவணங்களும் 'ஹோம்' கோப்புறைக்குள் அவரவர் பெயரில் இருக்கும். உபுண்டுவில் செருகிய பென் டிரைவ், 'மீடியா'வுக்குள் பயனர் பெயரின் கீழ் ஒரு கிளையாக வந்து சேரும்.

இந்த மரத்திலும் வரலாற்றின் மிச்சங்கள் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸை வளர்த்தபோது முதல் டிஸ்கில் இடம் போதவில்லை. வீட்டில் அடங்காத சாமான்களைத் திண்ணைக்குத் தள்ளுவதுபோல, மிஞ்சிய நிரல்களைப் பயனர்களின் கோப்புகள் இருந்த 'யூஎஸ்ஆர்' டிஸ்குக்கு மாற்றினார்கள். நிரல்களுக்கு 'பின்' (bin) என்ற கோப்புறை இரண்டு இடங்களில் உருவானது அப்படித்தான். பயனர்களின் கோப்புகள் பின்னாளில் 'ஹோம்' பக்கம் போய்விட்டன. நிரல்கள் 'யூஎஸ்ஆர்'-இலேயே தங்கிவிட்டன. ஃபெடோரா லினக்ஸ் 2012-இல்தான் இரண்டு 'பின்'களையும் ஒன்றாக்கியது. இந்தக் கதையைக் கேட்டவருக்கு 'யூஎஸ்ஆர்' எதற்கு என்ற குழப்பம் வராது.

மரம் புரிந்தால் கைமேல் பலன் உண்டு. 'ஹோம்' டிஸ்கில் தனிப் பகுதியாக இருந்தால், அதைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் புதிதாக நிறுவலாம். ஆவணங்கள் பத்திரமாக இருக்கும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உபுண்டுவைப் போலவே டெபியன் வழி வந்ததுதான். அதனால் ஒரு முறை கற்ற அடுக்குமுறை அங்கேயும் உதவும்.

முதல் வகுப்பில் பென் டிரைவைச் செருகி, அது மரத்தில் எங்கே வந்திருக்கிறது என்று மாணவரையே தேடச் சொல்லலாம். கட்டளைகளை அடுத்த வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.