கொடைக்கானல் போகிற வழியில் ஒரு பாறை

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே மாதிரிதான் நடக்கும். சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கும். இரண்டு நாள் பிரியாணி, மூன்றாம் நாள் கொடைக்கானல். ஏரியில் படகு, பிரையண்ட் பூங்காவில் நாலு போட்டோ, கை நிறைய சாக்லேட். அவ்வளவுதான் லீவு.

போன வருடம் மொட்டை மாடியில் படுத்திருந்தபோது சித்தப்பா பையன் மலைக்கோட்டையைக் காட்டி, "அதை யாருண்ணா கட்டினாங்க?" என்று கேட்டான். "திப்பு சுல்தான்டா" என்று அடித்து விட்டேன். அவனும் நம்பிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர், 1605ல். மைசூர் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன் ஹைதர் அலி 1755ல் பவுஜ்தாராக வந்தது இந்த ஊருக்குத்தான். 1772ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் இந்தப் பக்கம்தான். விருப்பாச்சி பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆதரவு தந்தார், ஹைதர் படை தந்தார். 1780ல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அதே கோபால நாயக்கர் பின்னாளில் மருது சகோதரர்களோடு சேர்ந்து கம்பெனிக்காரர்களை எதிர்த்தார். 1801ல் இதே திண்டுக்கல்லில் அவரைத் தூக்கில் போட்டார்கள். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த 1857க்கு 56 வருடம் முன்னால்!

இன்னொரு கணக்கும் பாருங்கள். கொடைக்கானலில் 1845ல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள், கீழே வெயிலும் காய்ச்சலும் தாங்காத அமெரிக்க மிஷனரிகள். ஆக, கோடைக்கு அங்கே ஓடுகிற பழக்கமே அவர்கள் ஆரம்பித்து வைத்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டோம். அதற்கு 44 வருடம் முன்னால் நம் ஊரில் தூக்கில் தொங்கியவரை விட்டுவிட்டோம்.

கொடைக்கானல் போகாதீர்கள் என்று சொல்லவில்லை (போகாவிட்டால் என்னாலேயே முடியாது :-)). லீவில் ஒரே ஒரு காலைப் பொழுதைக் கோட்டைக்குக் கொடுங்கள் என்கிறேன். "அங்கே என்னடா இருக்கு, வெறும் பாறை" என்பான் என் நண்பன். அவனும் நானும் அந்தப் பாறைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவர்கள். சீக்கிரம் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். பாறையிலேயே வெட்டிய படிகள், வெடிமருந்து வைத்த அறைகள், உச்சியில் சாமி இல்லாத கோவில். சுற்றிலும் ஊர், ஒரு பக்கம் சிறுமலை. மேற்கே தள்ளித் தெரிகிற மலைத்தொடரில்தான் கொடைக்கானல். அந்த மலைகளின் வடக்கு அடிவாரத்தில் விருப்பாச்சி.

சுவரைப் பார்த்தால் வயிறெரியும். அம்புக்குறி பாய்ந்த இதயங்கள், "செந்தில் + கவிதா" வகையறா. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி கிடையாது. ஒன்பதாவது படிக்கும்போது காம்பஸ் முள்ளால் நானும் ஓரிடத்தில் என் பெயரைக் கீறியிருக்கிறேன்.

இந்த மே மாதம் தம்பியைக் கூட்டிப் போகிறேன். திப்பு கட்டியது இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரையும் காட்ட வேண்டும்.