நாற்காலியை எங்கே போடுவது?

போன ஆண்டு நாங்கள் நால்வர் சேர்ந்து பத்துக்கு இருபது அடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம். இரண்டு வழக்கறிஞர்கள், இரண்டு சமூகப் பணியாளர்கள். வன்கொடுமைப் புகார், சாதிச் சான்றிதழ் அலைச்சல், மாணவர் உதவித்தொகை என்று வருகிறவர்களுக்கு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணம். இன்டீரியர் வேலைக்கு வந்தவர் ஒரு வரைபடம் போட்டுத் தந்தார். உள்ளே கண்ணாடித் தடுப்பு வைத்த கேபின், பெரிய மேசை, சுழல் நாற்காலி. வெளியே சுவரோரம் ஒரு பெஞ்சு. பார்க்க நன்றாக இருந்தது. அப்படியே செய்தோம்.

முதல் வாரத்திலேயே ஒரு பாட்டி வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். பெஞ்சு காலியாக இருந்தும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். "மேல உக்காருங்கம்மா" என்றோம். "இருக்கட்டும் சாமி, இதுவே போதும்" என்றார்.

நம் தெருவுக் கிழவி நம்மைப் பார்த்து 'சாமி' என்கிறார். எங்களுக்குச் சுருக்கென்றது. அவரை அப்படிச் சொல்ல வைத்தது எங்கள் பேச்சு அல்ல, அந்த அறை. அவர் வாழ்நாளெல்லாம் கைகட்டி நின்ற அலுவலகங்களின் அச்சு அசலான நகலை நாங்கள் காசு கொடுத்துக் கட்டியிருந்தோம்.

சாதி முதலில் ஓர் இடஅமைப்பு. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரித்த அதே கைதான் அலுவலகத்துக்குள்ளும் கோடு கிழிக்கிறது. 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போன அம்பேத்கரின் மேசை மீது கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூர நின்று வீசினார்கள். அலுவலகத் தண்ணீர் அவருக்கு இல்லை. அடுத்த ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரான பிறகும், பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். பழைய கதை என்று தள்ள முடியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி இருந்தது. ஆக, நாற்காலியை எங்கே போடுவது என்பது வெறும் அலங்காரக் கேள்வி இல்லை தோழர்களே.

நாங்கள் மாற்றியதைச் சொல்கிறோம். முதலில் பெரிய மேசை போனது. சாதாரண உயரத்தில், அதாவது 75 செ.மீ.யில், குறுகலான மேசை ஒன்று போட்டோம். வருகிறவர் எதிரே அல்ல, பக்கத்தில் உட்காருவார். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பின், கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு அரசு ஊழியருக்குச் சொல்கிறது. காவல் நிலையத்திடம் நாம் கேட்கிற அந்த மரியாதையை நம் மேசையில் காட்ட வேண்டாமா? ஒரே தாளை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

நாற்காலி எல்லோருக்கும் ஒரே மாதிரி. சுழல் நாற்காலியை விற்றுவிட்டோம். கண்ணாடித் தடுப்பையும் எடுத்தோம். பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண் அழுவதைப் பெஞ்சில் இருப்பவர்கள் பார்க்கும்படி வைப்பது நவீனம் ஆகாது. அந்த மூலைக்குப் பிளைவுட் தடுப்பும் கதவும் போட்டோம். வாசலில் அரை அடிப் படி இருந்தது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் ஆறடிக்குச் சாய்தளம் கட்டினோம். தண்ணீர் கேன் அறைக்குள்ளேயே இருக்கிறது, டம்ளர் ஒரே ரகம். கழிவறையை நாங்கள் நால்வரும் முறை வைத்துக் கழுவுகிறோம். அந்த வேலைக்கென்று ஒரு சாதியைத் தேடிப் பிடிக்கிற பழக்கம் நம் வாசலோடு நிற்கட்டும்.

தச்சர் அண்ணன் வாஸ்துப்படி கன்னி மூலையில்தான் 'முதலாளி' உட்கார வேண்டும் என்றார். மயமதம் போன்ற பழைய வாஸ்து நூல்கள் மண்ணின் நிறத்தையே வருணத்துக்குப் பங்கு வைக்கின்றன. வெள்ளை பிராமணருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு. நமக்கு அதில் ஒரு பிடி மண்ணும் இல்லை. நமக்கு மண்ணே ஒதுக்காத சாத்திரத்திடம் மேசை போட எதற்கு அனுமதி? வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கே மேசை. அவ்வளவுதான் எங்கள் வாஸ்து.

"ஏழை மக்களுக்கு வேலை செய்கிறவர்களுக்கு இன்டீரியர் ஒரு கேடா?" என்று நம் தோழர்களே கேட்டார்கள். இதை ஏற்க மாட்டோம். ஓட்டை நாற்காலியும் ஒழுகுகிற கூரையும்தான் தலித் அலுவலகத்தின் அடையாளம் என்று யார் சொன்னது? 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது அம்பேத்கர் தன் புத்தகங்களுக்காக இடம் ஒதுக்கிக் கட்டினார். நல்ல வெளிச்சம், நல்ல காற்று, நல்ல நாற்காலி எல்லாம் நமக்கு உரியவைதான். நாம் மறுப்பது அழகை அல்ல, அழகுக்குள் ஒளிந்திருக்கும் படிநிலையை.

அந்தப் பாட்டி மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பை மட்டும் வாசலிலேயே கழற்றினார். நாங்கள் நால்வரும் செருப்போடு உள்ளே இருந்தோம். ஒரு மேசையை மாற்ற ஒரு நாள் போதும். எழுபது ஆண்டுப் பழக்கம் அப்படிப் போகாது.

நாளை நீங்களும் ஒரு படிப்பகமோ, வழக்கறிஞர் அலுவலகமோ, பயிற்சி மையமோ தொடங்குவீர்கள். பெயிண்ட் நிறத்தைத் தேர்வு செய்வதற்கு முன், வாசலிலிருந்து உங்கள் பாட்டியாக நடந்து உள்ளே வந்து பாருங்கள். எங்கே நிற்கத் தோன்றுகிறது, எங்கே உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் மாற்ற வேண்டியது அந்த இடத்தைத்தான்.