தொலைவிலிருந்து மொழி பயில்வோர்க்கு ஏற்ற கருவி எது?

தருமபுரி மாவட்டத்தார்க்கு மொழிப் பரிமாற்றம் புதிதன்று. 1965ஆம் ஆண்டில் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இப்பகுதியில், 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்து சென்ற பின்னரும், தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கக் கேட்கின்றோம். வீட்டில் தக்கனி உருது பேசி, வகுப்பில் தமிழ் படித்து, சந்தையில் கன்னடத்தில் விலை பேசும் மாணவர்கள் நம்மிடையே உளர். இவர்களுக்கு எவரும் இலக்கணம் வகுத்துக் கற்பிக்கவில்லை. அண்டை வீட்டார் பேசினர், இவர்கள் கேட்டனர், தவறு நேர்ந்தபோது அவர்கள் சிரித்தனர், இவர்கள் திருத்திக்கொண்டனர்.

இன்று அந்த அண்டை வீடு ஆயிரம் கல் தொலைவிற்குச் சென்றுவிட்டது. நம் மாணவர் சிலர் மைசூரிலும் லக்னோவிலும் கோலாலம்பூரிலும் உள்ள தம் வயதொத்தாருக்குத் தமிழ் கற்பித்து, அவர்தம் மொழியைத் தாம் கற்று வருகின்றனர். பெரிதும் வரவேற்கத்தக்க முயற்சி இது. ஆயின், எக்கருவியைக் கொண்டு கற்கின்றீர்கள் என வினவினால், “வாட்ஸ்அப்தான் ஐயா” என்று ஒரே சொல்லில் விடை வருகின்றது. அந்த ஒரு சொல்லுக்குள் எழுத்து, குரற்செய்தி, நிழற்படம், நேரடி அழைப்பு என வெவ்வேறு கருவிகள் அடங்கியுள்ளன என்பதையும், ஒவ்வொன்றும் மொழியின் ஒவ்வொரு கூற்றையே கற்பிக்கும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாணவி ஒருவர் மைசூர்த் தோழி ஒருவருடன் ஆறு திங்கள் இவ்வாறு பழகினார். இருவரும் ஆங்கில எழுத்துக்களிலேயே தமிழையும் கன்னடத்தையும் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டனர். அது விரைவு, எளிது என்பது அவர்கள் கூற்று. ஒருநாள் தோழி தொலைபேசியில் அழைத்து, “கடையில் பலம் வாங்கினேன்” என்றார். அருகிலிருந்த மாணவியின் பாட்டி, “பலம் விற்கிற கடை எங்கேம்மா இருக்கு? எனக்கும் ரெண்டு கிலோ வாங்கி வரச்சொல்லு” என்றாராம். நகைப்பிற்குரிய செய்திதான். ஆயின் அத்தோழியின் மீது குற்றமில்லை. பி, ஏ, எல், ஏ, எம் என்னும் ஐந்தெழுத்துக்கள் பழமும் ஆகும், பலமும் ஆகும், பாலமும் ஆகும். ஆறு திங்கள் உழைத்தும் ல, ள, ழ மூன்றும் வேறு வேறென அவர் அறிய வழியில்லாமற் போயிற்று.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் நுட்பமாகச் சிந்தித்துள்ளனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் வழங்கிய அரபுத்தமிழ், தமிழை அரபு எழுத்தால் எழுதும் முறையாகும். தமிழின் ட, ப, ள, ண, ழ ஆகிய ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. இல்லையென்று அவர்கள் வாளா இருந்துவிடவில்லை. இருந்த எழுத்துக்களுக்குப் புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் புதிய எழுத்துக்களை அமைத்துக்கொண்டனர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அம்முறையில் நூல்களையே இயற்றினர். எனவே வேற்றெழுத்தால் தமிழ் எழுதுவதையே நாம் குறை கூறவில்லை. ஒலி கெட எழுதுவதையே குறை கூறுகின்றோம். தமிழ்99 விசைப்பலகை 1999ஆம் ஆண்டிலேயே தரப்படுத்தப்பட்டு, இன்று கைப்பேசிகளில் தமிழ் எழுத்து எளிதாகக் கிடைக்கும்போது, ஆங்கில எழுத்தை நாடுவதற்குச் சோம்பலன்றி வேறு காரணம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இனி, எழுத்தினும் குரலே முதற்கண் வேண்டப்படும் இடமும் உண்டு. உருது பயிலும் தமிழ் மாணவரை நோக்குக. நாம் ‘க’ என்னும் ஓரெழுத்தால் எழுதும் இடத்தில் உருதுவில் காஃப், கே, காஃப் எனப் பல எழுத்துக்கள் நிற்கின்றன. இப்போது எழுதிய வரியே அதற்குச் சான்று. முதலாவது ‘காஃப்’ அடித்தொண்டையில் பிறப்பது. மற்றது நம் ககரத்தை ஒத்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இவ்வேறுபாட்டைக் காதால் கேட்டே அறிய வேண்டும். ஒருமுறை கேட்டாலும் போதாது. பத்துமுறை கேட்டு, தாமும் சொல்லிப் பார்த்து, அனுப்பித் திருத்தம் பெறல் வேண்டும்.

இதற்கு நேரடி அழைப்பைவிடக் குரற்செய்தியே சிறந்தது என்பது நம் துணிபு. 2013இல் வாட்ஸ்அப்பில் வந்த இவ்வசதியை அரட்டைக்கே பெரிதும் பயன்படுத்துகின்றனர். நேரடி உரையாடலில் சொல் காற்றோடு போய்விடும். பிழையைச் சுட்டினால் பேச்சு தடைப்படும் என அஞ்சி நண்பர் சுட்டாமல் விடுவார். குரற்செய்தியோ மீண்டும் மீண்டும் கேட்கத் தக்கது. சித்தேரி மலைப்பக்கத்திலிருந்து வரும் மாணவர், சமிக்ஞை கிட்டாத இடத்திலும் பேசிப் பதிந்து வைக்கலாம். மலையிறங்கி இணைப்புக் கிடைத்ததும் அது தானே செல்லும். டொரான்டோவில் உள்ளவர்க்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வேறுபாடு. இருவரும் ஒருங்கே விழித்திருக்கும் வேளையைத் தேடி இடர்ப்பட வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் நேரடி அழைப்பு பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்ததை வளைகுடாவில் உறவினரையுடைய குடும்பத்தார் நன்கறிவர். அப்போதும் குரற்செய்திகள் சென்றுகொண்டுதான் இருந்தன.

ஆயினும் குரல் மட்டும் போதுமா எனில், போதாது. 1963 முதல் பீகிங்கிலிருந்து சீனர்களே தமிழ் பேசி ஒலிபரப்பிய வானொலியை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டு பேசிய அவ்வறிவிப்பாளர்களின் குரலைத் தமிழகச் சிற்றூர்களில் கேட்டவர்கள், கேட்டதோடு அமையாது கடிதங்களும் எழுதினர். சிற்றலையில் குரல் வந்தது. அஞ்சலில் மறுமொழி சென்றது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைத்தது.

மடலின் ஆற்றலுக்கு இதனினும் பெரிய சான்று உ.வே.சாமிநாதையர் வாழ்வில் உள்ளது. பாரிஸில் தமிழ் கற்பித்துவந்த ஜூலியன் வின்சோன் என்னும் பிரெஞ்சு அறிஞர், 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த ஐயரோடு கடிதத் தொடர்பு கொண்டார், தமிழிலேயே எழுதினார். கப்பலேறிச் சென்ற மடல்கள் அவை. இன்று போல நொடியில் விடை கிட்டாமையால், எழுதுமுன் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுத வேண்டியிருந்தது. தமக்கு வந்த கடிதங்களை ஐயர் பேணி வைத்தமையால் அவை அவர் பெயரிலமைந்த சென்னை நூல்நிலையத்திற்குக் கிட்டின. நம் மாணவரின் உரையாடல்களோ கைப்பேசி பழுதானால் அதனோடு அழிகின்றன. பலர் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே திங்களில் நிறுத்தப்பட்டதை நாம் கண்டோம். எனவே, திங்களுக்கு ஒருமுறையேனும் தாளில், தம் கைப்பட, கற்கும் மொழியின் எழுத்திலேயே ஒரு பக்கம் எழுதுமாறு மாணவரைக் கேட்டுக்கொள்கின்றோம். அஞ்சலில் அனுப்பினும் நன்று. படமெடுத்து அனுப்பினும் நன்று. தாள் மட்டும் கையில் இருக்கட்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். வாட்ஸ்அப் வழியாகப் பழகினால் தம் பெண்ணின் கைப்பேசி எண் முன்பின் அறியாதார் கைக்குப் போகுமே எனப் பெற்றோர் அஞ்சுகின்றனர். இதன் பொருட்டே நாமறிய மாணவியர் இருவர் இப்பயிற்சியை இடையில் நிறுத்திவிட்டனர். அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. நாமும் பெண்ணைப் பெற்றவர்களே. ஆனால் அஞ்சத்தக்கது மொழிப் பயிற்சியன்று, எண்ணை வெளிப்படுத்தும் கருவியே. துறையின் பெயரால் ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். அதில் மடலும் அனுப்பலாம், பதிந்த குரலையும் இணைத்து அனுப்பலாம்; எவருடைய எண்ணும் வெளிப்படாது. துறைக் கணினியில் ஆசிரியை ஒருவர் முன்னிலையில் மாணவியர் தம் மடல்களைத் திறந்து படிக்கலாம். அறிவைத் தேடுதலை ஆண், பெண் இருபாலார்க்கும் கடமையாகக் கொண்ட மார்க்கத்தைச் சேர்ந்த நாம், இச்சிறு ஏற்பாட்டைச் செய்ய இயலாது எனக் கூறுதல் பொருந்தாது. செலவும் மிகுதியன்று. நிருவாகத்தார் இசைந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.

பலம் வாங்கிய மைசூர்த் தோழி இப்போது தமிழெழுத்தில் மடல் எழுதுகின்றார். முதல் மடலில் ழகரத்தின் கீழ்வளைவு எங்கும் காணப்படவில்லை. எல்லாம் மகரமாகவே நின்றன. மாணவி சிவப்பு மையால் வளைவைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த மடலின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ழ, ழ, ழ என்று பதினேழு முறை எழுதப்பட்டிருந்தது.